முதல் பக்கத்தில் வந்தால் மட்டும் போதுமா? இணையதளம் வைத்திருப்போர் எடுக்க வேண்டிய 6 முடிவுகள்!

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் கிளம்புகிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். முந்தைய நாள் இரவு, 'சென்னைக்குப் பக்கத்தில் ஒரு நாள் டூர்' என்று மொபைலில் தேடியபோது முதலில் வந்த பக்கம், 'வேடந்தாங்கல்... வருடம் முழுக்கப் பறவைகள்!' என்று அழைத்தது. கூடவே, பூநாரைகள் கூட்டம் கூட்டமாக நிற்கும் படம்.

செங்கல்பட்டைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தைக் கடந்து, மாமண்டூரில் டீ குடித்துவிட்டு, படாளம் கூட்டுரோட்டில் வலது பக்கம் திரும்புகிறார்கள். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தால், தண்ணீர் வற்றிக் கிடக்கிறது. மரங்கள் வெறுமனே நிற்கின்றன. "பறவை எங்கேப்பா?" என்று சின்னவள் கேட்கிறாள். அப்பாவிடம் பதில் இல்லை.

இது கற்பனைக் குடும்பம்தான். ஆனால் வேடந்தாங்கலின் கணக்கு கற்பனை இல்லை. வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிய பிறகே அங்கே பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். பொதுவாக நவம்பரிலிருந்து மார்ச் வரைதான் சீசன். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா என்று மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கும். கோடையில் ஏரி வற்றினால் அவை கிளம்பிவிடும். பூநாரைக்குப் பெயர்போன இடங்களோ பழவேற்காடும் கோடியக்கரையும்.

படாளத்தில் டீக்கடை வைத்திருப்பவரைக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். ஆனால், இன்று யாரும் டீக்கடையில் கேட்பதில்லை. மொபைலைத்தான் கேட்கிறோம். அந்த மொபைலில் எது முதலில் வர வேண்டும் என்பதில், இணையதளம் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பொறுப்பும் இருக்கிறது.

'சாப்பாடு தயார்' போர்டு

கூகுள் போன்ற தேடுபொறிகள் செய்யும் வேலை மூன்று. இணையத்தில் இருக்கும் பக்கங்களைத் தங்கள் நிரல்கள் மூலம் தொடர்ந்து படிப்பது முதல் வேலை. படித்ததை, புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல அடுக்கி வைப்பது இரண்டாவது. நாம் ஒன்றைக் கேட்டதும், எது முதலில், எது அடுத்து என்று வரிசைப்படுத்திக் காட்டுவது மூன்றாவது.

இந்த வரிசைக்கு 1998-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஒரு வழி சொன்னார்கள். ஒரு பக்கத்தை மற்ற பக்கங்கள் 'இதைப் போய்ப் படியுங்கள்' என்று சுட்டி இணைப்பு கொடுத்தால், அது அந்தப் பக்கத்துக்கு விழுந்த ஓட்டு. மதிப்புள்ள பக்கம் போட்ட ஓட்டுக்கு மதிப்பு அதிகம். இன்று கூகுள் இன்னும் எத்தனையோ விஷயங்களைப் பார்க்கிறது. ஆனாலும் அடிப்படையில் அது தேடுவது ஒன்றைத்தான்: 'கேட்டவருக்கு எந்தப் பக்கம் உண்மையிலேயே உதவும்?'

தன் பக்கம் உதவும் என்பதைத் தேடுபொறிக்குப் புரியும்படி அமைப்பதுதான் எஸ்.இ.ஓ. எனப்படும் தேடுபொறி உகப்பாக்கம். தெளிவான தலைப்பு, மொபைலில் சட்டென்று திறக்கும் பக்கம், சரியான முகவரி, படத்துக்குக் கீழே விளக்கம் என எல்லாம் இதில் அடக்கம். இதில் தப்பே இல்லை. ஜி.எஸ்.டி. சாலையில் கடை வைத்தவர், காரில் போகிறவர் கண்ணில் படும்படி போர்டு வைக்கத்தானே வேண்டும்? 'சாப்பாடு தயார்' என்று எழுதிவிட்டு, உள்ளே அடுப்பே பற்றவைக்காமல் இருந்தால்தான் தப்பு.

"கேரண்டி மேடம்!"

படாளத்தில் மெஸ் நடத்தும் ஒரு அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே மெஸ், மாடியில் நான்கு அறைகள். காலேஜ் படிக்கும் மகள், சொந்தமாக ஒரு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறாள். அதற்கு அடுத்த வாரமே போன் வருகிறது.

"மேடம், பதினஞ்சே நாள்ல உங்க லாட்ஜ் கூகுள்ல ஃபர்ஸ்ட். கேரண்டி மேடம்."

"எப்படி தம்பி?"

"அதெல்லாம் எங்க டீம் பார்த்துக்கும் மேடம். நீங்க பேமென்ட் மட்டும் போடுங்க."

இணையதளம் வைத்திருக்கும் பலருக்கும் பழகிய போன்தான் இது. இங்கேயே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கூகுளில் முதலிடம் வாங்கித் தருவதாக யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்று கூகுள் நிறுவனமே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. நேர்மையாகச் செய்யும் எஸ்.இ.ஓ. வேலை பலன் தருவதற்குப் பெரும்பாலும் நான்கு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஆகும் என்றும் அது சொல்கிறது. அப்படியென்றால், பதினைந்து நாளில் நடக்கும் அந்த 'மேஜிக்' என்ன?

"எங்க டீம் பார்த்துக்கும்" என்ற வார்த்தைக்குள்தான் எல்லாம் இருக்கிறது. அந்த டீம் என்ன செய்தாலும் அதற்குப் பெயர் கொடுப்பது மெஸ்காரம்மாவின் இணையதளம். மாட்டினால் கீழே போவதும் அதுதான். அதனால் பணம் கொடுக்கும் முன்பு, கீழே சொல்லும் ஆறு விஷயங்களில் 'நாம் எந்தப் பக்கம்?' என்று முடிவெடுத்துக்கொள்வது நல்லது.

1. எந்த வார்த்தையை எழுதுவது?

மாமல்லபுரம் என்று எழுதுகிறோம். ஆனால், வெளியூர்க்காரர்கள் பலர் 'மகாபலிபுரம்' என்றுதான் தேடுகிறார்கள். செங்கல்பட்டை 'செங்கல்பேட்' என்று தட்டச்சு செய்கிறவர்களும் உண்டு. 'மகாபலிபுரம் என்று அழைக்கப்படும் மாமல்லபுரத்துக்கு இங்கிருந்து எப்படிப் போவது?' என்று ஒரு வரி எழுதினால், இரண்டு விதமாகத் தேடுகிறவர்களுக்கும் பயன்படும். இது நேர்மையான எஸ்.இ.ஓ.

அதே பெயர்களை நாற்பது முறை அடுக்கி, வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒளித்து வைப்பது வேறு கதை. வாசிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, கூகுளுக்கு மட்டும் தெரியும். இணையத்தின் ஆரம்ப காலத்துத் தந்திரம் இது. இன்றைக்கு, கண்டுபிடிக்கப்பட்டால் பட்டியலில் இருந்தே தூக்கிவிடுவார்கள்.

பெரிய நிறுவனம் என்றால் விட்டுவிடுவார்களா? 2006 பிப்ரவரியில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் இணையதளத்தை கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 'பழைய கார்' என்ற ஜெர்மன் வார்த்தையைத் திரும்பத் திரும்பத் திணித்த பக்கங்களை அந்தத் தளம் தேடுபொறிக்குக் காட்டியது. சொடுக்கிய ஆட்களையோ வேறு பக்கத்துக்கு அனுப்பியது. அந்தப் பக்கங்களை எடுத்த பிறகே தளத்துக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

இன்னொரு தகவல். பக்கத்தின் பின்னணியில் 'கீவேர்டு' பட்டியல் போடும் 'மெட்டா கீவேர்ட்ஸ்' முறையை, தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்கெனத் தனியாகக் காசு கேட்கிறார்கள் என்றால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.

2. எங்கே இருக்கிறோம் என்று சொல்வது?

மெஸ்காரம்மாவின் அறைகள் இருப்பது படாளத்தில். வேடந்தாங்கலுக்கு இங்கிருந்து இன்னும் சில கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். கூகுள் மேப்பில் 'வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம் எதிரில்' என்று புள்ளி வைத்தால் புக்கிங் கூடும் என்று ஏஜென்சி சொல்கிறது. கூடவே, 'மதுராந்தகத்தில் சிறந்த லாட்ஜ்', 'மேல்மருவத்தூரில் சிறந்த லாட்ஜ்', 'மாமல்லபுரத்தில் சிறந்த லாட்ஜ்' என்று ஊர் பெயரை மட்டும் மாற்றி முப்பது பக்கம் போடலாம் என்கிறது.

ஒரே சரக்குக்கு ஊருக்கொரு வாசல் வைக்கும் இந்தப் பக்கங்களுக்கு எஸ்.இ.ஓ. உலகில் 'டோர்வே பேஜ்' என்று பெயர். கூகுளின் விதிகளில் இது தெளிவான மோசடி. மேப்பில், கடை போர்டில் உள்ள பெயரைத்தான் வைக்க வேண்டும், 'பெஸ்ட்', 'சீப்' போன்ற ஒட்டுகளைச் சேர்க்கக் கூடாது என்பதும் விதி.

விதி ஒருபுறம் இருக்கட்டும். இரவு ஒன்பது மணிக்கு, கைக்குழந்தையோடு மேல்மருவத்தூர் கோயிலிலிருந்து வந்து, 'பக்கத்தில்தான்' என்று நம்பி புக் செய்த குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அவர்கள் ஆட்டோ பிடித்து ஊர் ஊராக அலைவதற்கு யார் பொறுப்பு? அந்த முப்பது பக்கத்தில் பெயர் போட்டவர்தானே?

மாற்றாக, 'படாளம் ரயில் நிலையத்திலிருந்து இத்தனை நிமிட நடை. வேடந்தாங்கலுக்கு இங்கிருந்து பஸ் இத்தனை மணிக்கு. திரும்பிவரக் கடைசி பஸ் இத்தனை மணிக்கு. தவறவிட்டால் ஆட்டோவுக்குச் சுமாராக இவ்வளவு ஆகும்' என்று ஒரே ஒரு பக்கம் எழுதினால் என்ன? டெல்லியிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து எழுதுகிறவருக்கு இந்தத் தகவல் தெரியாது. கூட்டுரோட்டில் தினமும் பஸ்ஸைப் பார்க்கிற மெஸ்காரம்மாவுக்குத் தெரியும்.

3. யாரிடம் ஓட்டு வாங்குவது?

இணைப்பு என்பது ஓட்டு என்று பார்த்தோம். ஓட்டு இருக்கும் இடத்தில் ஓட்டுக்குக் காசு கொடுப்பவர்களும் இருப்பார்கள், நமக்குத் தெரியாததா?

2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடையே முதலில் வந்துகொண்டிருந்தது. எப்படி என்று தோண்டியபோது, துணிமணிக்கும் விரிப்புக்கும் சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அந்தக் கடைக்கு இணைப்புகள் நடப்பட்டிருந்தது தெரிந்தது. கூகுள் நடவடிக்கை எடுத்ததும், ஒரு பெட்டி பிராண்டுக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அந்தக் கடை இரண்டே மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. 'எங்களுக்கு எதுவும் தெரியாது' என்ற நிறுவனம், தன் எஸ்.இ.ஓ. ஏஜென்சியை நீக்கியது. "எங்க டீம் பார்த்துக்கும்" ஞாபகம் வருகிறதா?

அடுத்த வருடம் நடந்தது இன்னும் சுவாரஸ்யம். 2012 ஜனவரியில், கூகுளின் சொந்தத் தயாரிப்பான குரோம் பிரவுசரின் பக்கத்துக்காக, காசு கொடுத்து எழுதவைத்த பதிவுகள் வெளிச்சத்துக்கு வந்தன. தன் விதியைத் தன் வீட்டிலேயே மீறியதாகப் பேச்சு கிளம்ப, குரோம் பக்கத்தை 60 நாள்களுக்குக் குறையாமல் கீழே தள்ளுவதாக கூகுள் அறிவித்தது.

விளம்பரம் செய்யவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். காசு கொடுத்து வாங்கிய இணைப்பு என்றால், அது விளம்பரம் என்று தேடுபொறிக்கும் வாசகருக்கும் தெரியும்படி குறிப்பிட வேண்டும். அவ்வளவுதான். படாளத்தில் இருப்பவருக்கு இயல்பாகவே ஓட்டு கிடைக்கும் இடங்கள் உண்டு. பறவை பார்க்க வரும் குழுக்கள், பள்ளிச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள், பயணக் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் சரியான பஸ் நேரமும் சீசன் நிலவரமும் தேவை. அதைக் கொடுக்கும் பக்கத்துக்கு அவர்களே இணைப்பு கொடுப்பார்கள். மெதுவாகத்தான் வரும். ஆனால், யாரும் பிடுங்க முடியாது.

4. நட்சத்திரம் யார் போட்டது?

"அம்மா, சித்தி, மாமா, என் கிளாஸ்மேட்ஸ் எல்லார்கிட்டயும் ஃபைவ் ஸ்டார் போடச் சொல்லட்டுமா?"

மகள் இப்படிக் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் 'சரி' என்றுதான் பதில் வரும். இதில் என்ன பெரிய பாவம் என்று தோன்றும். ஆனால், அந்த அறையில் ஒரு நாள்கூடத் தங்காத சித்தி, 'பாத்ரூம் சூப்பர் க்ளீன்' என்று எழுதினால், அதை நம்பி வருகிறவர் ஒரு முழுக் குடும்பத்தோடு வருகிறார்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில், இணைய விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000:2022 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. விமர்சனம் எழுதியவர் உண்மையான ஆள்தானா என்று சரிபார்ப்பது, பாதகமான விமர்சனங்களை மட்டும் வடிகட்டி மறைக்காமல் இருப்பது போன்றவை அதன் அடிப்படை. அது கட்டாயமாக இல்லாமல், விரும்பிப் பின்பற்றும் தரநிலையாக வந்தது. அமெரிக்காவிலோ, போலி விமர்சனங்களை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்துவிட்டது.

நம் நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னொன்றைச் சொல்கிறது. அந்தச் சட்டப்படி இணையதளத்தில் செய்யும் விளம்பரமும் விளம்பரமே. அது தவறாக வழிநடத்தினால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 'ஆன்லைன்தானே' என்று அலட்சியமாக இருக்க முடியாது.

தங்கிவிட்டுப் போகிறவரிடம், "உங்களுக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுதுங்க" என்று கேட்பதில் தவறே இல்லை. 'ஃபைவ் ஸ்டார் போட்டால் டிபன் இலவசம்' என்றால் அது விலைக்கு வாங்கியது. கூகுள் விதியிலும் அதற்கு இடமில்லை. 'சுடுதண்ணீர் வரவில்லை' என்று ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டால், 'மன்னிக்கவும், ஹீட்டர் பழுதாகியிருந்தது, சரிசெய்துவிட்டோம்' என்று பதில் எழுதுங்கள். பத்து போலி நட்சத்திரத்தைவிட அந்த ஒரு பதிலை நம்பி வருகிறவர்கள் அதிகம்.

5. அடுத்தவர் பெயரில் வண்டி ஓட்டலாமா?

பக்கத்து ஊரில் பல வருடங்களாகப் பெயர் வாங்கிய ஒரு லாட்ஜ் இருக்கிறது. அதன் பெயரைத் தேடுகிறவர்களுக்கு நம் லாட்ஜ் முதலில் வருமாறு செய்தால்?

இந்தக் கேள்வி நம்மூரிலேயே நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி தளங்களை நடத்தும் சென்னை நிறுவனம், அப்போது கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் இயங்கியது. தன் வணிகப் பெயர்களை யாராவது தேடினால் போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் வருகின்றன என்று, கூகுள் இந்தியா மீதும் போட்டியாளர்கள் மீதும் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. 2010 செப்டம்பர் 30 அன்று தனி நீதிபதி வி.ராமசுப்ரமணியன் அளித்த உத்தரவில், அந்த நிறுவனம் கேட்ட இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை எல்லோரும் புழங்கும் விவரிப்புச் சொற்கள் என்பது அதில் முக்கியமான அம்சம்.

2023 ஆகஸ்ட் 10 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் இதை இன்னும் விரித்தது. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயர் தொடர்பான அந்த வழக்கில், ஒருவரின் வணிகக் குறியை விளம்பரத்துக்கான 'கீவேர்டாக' வைப்பதும் அந்தக் குறியைப் பயன்படுத்துவதாகவே கருதப்படும் என்றது. விளம்பரத்தை விற்கும் கூகுள், வெறும் பார்வையாளர் என்று ஒதுங்க முடியாது என்றும் சொன்னது. ஆனால், கீவேர்டாக வைப்பதே குற்றம் ஆகிவிடாது, வாடிக்கையாளரைக் குழப்பினால்தான் பிரச்னை என்றும் விளக்கியது.

சட்டத்தின் நூலிழை வாதங்களை வக்கீல்கள் பார்த்துக்கொள்வார்கள். மெஸ்காரம்மாவுக்கு ஒரு எளிய சோதனை போதும். நம் பக்கத்தைத் திறக்கிறவர், 'இது அந்த லாட்ஜ் இல்லை, வேறு லாட்ஜ்' என்று முதல் நொடியிலேயே தெரிந்துகொள்வாரா? தெரிந்தால் அது போட்டி. தெரியாமல் பணம் கட்டினால் அது ஏமாற்று.

இதே ஏமாற்றின் கொடூரமான வடிவம்தான் போலி 'கஸ்டமர் கேர்' எண்கள். வங்கியின் பெயரிலும் விடுதிகளின் பெயரிலும் தேடல் முடிவில் மேலே வந்து நின்று, போன் செய்கிறவரின் கணக்கையே துடைத்துவிடுகிறார்கள். அதனால் கடைக்காரர்கள், மேப்பில் தங்கள் கடைப் பக்கத்தை உரிமை கோரிப் பெற்று, அதில் இருப்பது தங்கள் எண்தானா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த எண்ணை வேறு யாராவது 'திருத்த'வும் வாய்ப்பு உண்டு. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

6. ஏரியைப் பார்க்காத எழுத்து

இப்போது புதிதாக ஒரு ஆசை வந்திருக்கிறது. 'ஏ.ஐ.-யிடம் சொன்னால் ஒரே இரவில் ஐந்நூறு கட்டுரை தரும். அதில் நாலு மேலே வந்தால் போதும்.'

ஏ.ஐ. உதவியோடு எழுதுவதே தவறு என்று கூகுள் சொல்லவில்லை. எழுத்துப்பிழை பார்க்க, தமிழில் எழுதியதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக அது நல்ல துணை. ஆனால், யாருக்கும் பயன்படாத பக்கங்களை, தரவரிசைக்காக மட்டும் மொத்தமாக உற்பத்தி செய்வதை கூகுள் 2024 மார்ச்சில் தனி விதிமீறலாகவே அறிவித்தது. மனிதர் எழுதினாலும் சரி, இயந்திரம் எழுதினாலும் சரி. பெயர்பெற்ற பழைய இணைய முகவரிகள் காலாவதியானதும் அவற்றை வாங்கிக் குப்பையைக் கொட்டுவதும் அதே அறிவிப்பில் தடை செய்யப்பட்டது.

ஏரியைப் பார்க்காத எழுத்துதான் 'வருடம் முழுக்கப் பறவைகள்' என்று எழுதும். இந்த வருடம் மழை குறைவு, ஏரி பாதிதான் நிரம்பியிருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும் என்றால், அதை எழுதாமல் விடுவதும் ஒரு முடிவுதான்.

"தப்பு பண்றவங்கதானே மேல இருக்காங்க?"

நியாயமான கேள்வி. குறுக்குவழியில் போனவர்கள் மாதக்கணக்கில் முதல் பக்கத்தில் உட்கார்ந்து சம்பாதிப்பதும் உண்மை. நேர்மையாக எழுதியவர் நான்காம் பக்கத்தில் கிடப்பதும் உண்மை. தேடுபொறி ஒன்றும் தர்மதேவதை இல்லை. 2018 பிப்ரவரியில் இந்தியப் போட்டி ஆணையம், தேடல் முடிவுகளில் தனக்குச் சாதகமாக நடந்துகொண்டதாக கூகுளுக்கே 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் புகாரைக் கொண்டுபோனவர்களில் ஒருவர் அதே சென்னை மேட்ரிமோனி நிறுவனம்.

ஆகவே, 'நேர்மையாக இருந்தால் கூகுள் பரிசு தரும்' என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. குறுக்குவழியில் வந்த இடம் இரவல் இடம். அடுத்த முறை கூகுள் விதியை மாற்றும்போது அது போய்விடும். அதோடு, அந்தக் குறுக்குவழிக்கான விலையை முதலில் கொடுப்பவர் கூகுளும் இல்லை, போட்டிக்காரரும் இல்லை. நம்மை நம்பி வண்டி எடுத்து வந்த குடும்பம்தான்.

வேடந்தாங்கல் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். 'வேடர்களின் ஊர்' என்று பொருள் தரும் பெயர் அது. அந்த ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்தார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டார்கள். அன்றைய செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ், 1798 வாக்கில் பறவைகளுக்குப் பாதுகாப்பு அளித்து ஆவணம் கொடுத்தார். பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காதவர்கள் அவர்கள். 2022-ல் அந்த ஏரி சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது.

இன்று மொபைலில் 'வேடந்தாங்கல்' என்று தட்டும்போது நம் கண்முன் வரும் மதிப்பு, இருநூறு வருடங்களுக்கு மேலாக அவர்கள் சேர்த்தது. அந்தப் பெயரைப் போட்டுத்தான் நாலு அறை லாட்ஜிலிருந்து பெரிய டூர் கம்பெனி வரை கிளிக் வாங்குகிறார்கள். இரவல் வாங்கிய நகையைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதுபோல, அந்தப் பெயரையும் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டாமா?

ஏஜென்சியிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

* என் தளத்தில் என்னென்ன மாற்றப் போகிறீர்கள்? எழுத்தில் தருவீர்களா?

* இணைப்புகள் எங்கிருந்து வரும்? அவற்றுக்குக் காசு கொடுக்கிறீர்களா?

* விமர்சனங்களை நீங்கள் எழுதுவீர்களா? ('ஆமாம்' என்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.)

* தளத்தின் பாஸ்வேர்டும் மேப் கணக்கும் யார் பெயரில் இருக்கும்? (உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும்.)

* நீங்கள் செய்யப்போவதை என் வாடிக்கையாளரிடம் நான் வெளிப்படையாகச் சொல்ல முடியுமா?

கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் 'முடியும்' என்று பதில் வந்தால், மற்ற நான்கும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

படாளம் மெஸ்காரம்மாவும் மகளும் அந்த ஏஜென்சிக்குப் பணம் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில், தங்கள் தளத்தின் முதல் வரியை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். ஜூன் மாதத்தில் அந்த வரி இப்படி இருக்கும்: 'இப்போது வேடந்தாங்கலில் பறவைகள் இல்லை. மழை பெய்து ஏரி நிரம்பியதும் இங்கே எழுதுகிறோம். அப்போது வாருங்கள்.'

அந்த மாதம் ஓர் அறை காலியாகவே கிடக்கலாம். ஆனால், சனிக்கிழமை இரவு அதைப் படித்த ஒரு குடும்பம், வண்டியை எடுக்காமல் ஜனவரிக்குத் திட்டம் போடும். யாரை நம்பிப் போகலாம் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளும்.

உங்களுக்கும் ஓர் இணையதளம் இருந்தால், இன்று இரவே அதைத் திறந்து பாருங்கள். நேரில் வந்து நிற்கிற ஒருவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வரி ஏதாவது அதில் இருக்கிறதா? இருந்தால், முதலில் அதை எடுத்துவிடுங்கள்.